அஜீஸக்காவின் கெட்டிலும் அரை பாட்டில் வினிகரும்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். கெட்டிலில் படிந்த உப்பை வெள்ளை வினிகரால் போக்குவது எப்படி என்று ஒரு பத்திரிகை வீட்டுக்குறிப்பு கேட்டது. பாதி வினிகர், பாதி தண்ணீர், ஒரு கொதி, சற்று நேரம் ஊறல். நாலு வரியில் முடிந்துவிட்டது. ஐந்தாவது வரியில் மரியபுஷ்பம் வந்து உட்கார்ந்துகொண்டாள். எழுந்து போகமாட்டேன் என்கிறாள்.

2

சேலத்தில் வெயில் கொளுத்திய ஒரு பங்குனி

(நிறுத்திவிட்டேன். சேலத்துக் கதை என்றால் வெயிலில்தான் தொடங்க வேண்டுமா என்ன?)

1961. மரியபுஷ்பத்தின் கைக்குழந்தை ரோசிக்கு நெஞ்சுச்சளி. வீட்டில் எந்நேரமும் வெந்நீர் வேண்டியிருந்தது. பக்கத்து வீட்டு அஜீஸுன்னிசா, கணவர் பினாங்கிலிருந்து கொண்டுவந்த கரண்ட் கெட்டிலை, தானே இன்னும் ஆசைதீரப் புழங்காததை, எடுத்துவந்து வைத்தாள்.

"புள்ளைக்குத் தேவலையாகட்டும் புஷ்பம். எனக்கென்ன அவசரம்?"

குழந்தை தேறிவிட்டது. ஆனால் அந்தத் தெருக் கிணற்றின் உப்புத் தண்ணீர், கெட்டிலுக்குள்ளே சுண்ணாம்பு அடித்தாற்போல் ஏறிவிட்டது. சாம்பல், தேங்காய் நார் எதற்கும் அசையவில்லை. இரவல் பாத்திரத்தை வந்தபடியே திருப்பித் தராவிட்டால் புஷ்பத்துக்குச் சோறு இறங்காது.

அலமாரியில் அரை பாட்டில் வினிகர் இருந்தது. ஊற்றிக் கொதிக்கவிட்டாள். உப்பு நுரைத்துக் கரைந்து, அடி பளபளவென்று தெரிந்தது. சந்தோஷத்தில் அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. கழுவித் துடைத்து, உள்ளே இரண்டு கை சர்க்கரை போட்டாள். வெறும் பாத்திரமாகத் திருப்பிக் கொடுப்பது அவர்கள் வழக்கமில்லை.

3

பாட்டிலை மூடும்போதுதான் நினைவு வந்தது. கிறிஸ்துமஸுக்குப் பன்றிக்கறி ஊறவைக்க வாங்கிய வினிகர் அது. அன்று கிண்ணத்தில் ஊற்றி, கறி பிசைந்த விரல்களை அதில் தோய்த்துத் தோய்த்துக் கறிமேல் தெளித்திருந்தாள். மீந்ததை வீணாக்க மனம் வராமல் பாட்டிலிலேயே திருப்பி ஊற்றியிருந்தாள்.

"கழுவியாச்சு, தீந்துச்சு. யாருக்குத் தெரியப் போகுது?" என்றான் அவள் கணவன் ராயப்பன்.

"எனக்குத் தெரியுமுங்களே."

(நான் முதலில் ராயப்பன் பக்கம்தான் இருந்தேன். ஒரு சொட்டுக்காக ஒரு சிநேகிதியை இழப்பதா? ஆனால் எழுத எழுத, இவள் என்னை லேசில் விடமாட்டாள் என்று புரிந்தது.)

4

முதல் முடிவு: கெட்டில் கெட்டுப்போய்விட்டது என்கிறாள். இதை எழுதியும் பார்த்தேன். பொய் அவள் வாயில் நிற்கவில்லை, பாதியிலேயே திக்கினாள்.

இரண்டாவது: ஒன்றும் சொல்லாமல் கொடுத்துவிடுகிறாள். அஜீஸக்கா பிஸ்மில்லா சொல்லித் தண்ணீர் ஊற்றுகிறாள், தேயிலை போடுகிறாள், டம்ளரை வாயருகே

(முடியவில்லை.)

5

ஆகவே புஷ்பம் போனாள். வாசல்படியில் நின்றபடியே, கறியிலிருந்து கிண்ணம் வரை எல்லாவற்றையும் சொன்னாள். கெட்டிலை முந்தானையில் சுற்றிப் பிடித்திருந்தாள். சர்க்கரையை வெளியே எடுக்க அவளுக்குத் தோன்றவே இல்லை.

அஜீஸக்காவின் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள்.

"சொல்லாம குடுத்திருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்காதே. ஏன் சொன்னே?"

"நீங்க குடிப்பீங்களேக்கா."

உள்ளே யாரோ அம்மியில் அரைத்துக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தம் நின்று, மறுபடி தொடங்கியது. அஜீஸக்கா கை நீட்டிக் கெட்டிலை வாங்கினாள். மூடியைத் திறந்தாள். உள்ளே பார்த்தாள்.

இதுவரைக்கும்தான் என்னால் எழுத முடிந்தது. அவள் அதைக் கிணற்றடிக்கு எடுத்துப்போய் நன்றாகக் கழுவி வைத்துக்கொள்வாளா, புஷ்பத்தின் கையிலேயே திணித்துவிட்டுக் கதவைச் சாத்துவாளா, இல்லை, வாசலில் நிற்கிறவளை முதலில் உள்ளே வரச் சொல்வாளா? எனக்கு ஒரு ஆசை இருக்கிறது. ஆனால் மன்னிக்க வேண்டியவள் அவள், அதை நான் எழுதுவது நியாயமில்லை.

நீங்கள் எழுதுங்கள். எப்படி முடித்தாலும், அந்தச் சர்க்கரையை என்ன செய்தாள் என்பதை மட்டும் விட்டுவிடாதீர்கள். புஷ்பம் இன்னும் வாசலில்தான் நிற்கிறாள்.