முலுண்டுக்கு அப்பால் ஒரு சம்பந்தம்

ஆபிரகாம் அண்ணாச்சி முப்பத்தாறு வருடம் தாராவியில் தபால் கொடுத்தவர். அதனால் பம்பாய் எதுவரைக்கும் என்று சொல்லும் உரிமை தனக்குத்தான் என்று நினைப்பு. அவர் கணக்கில் முலுண்டோடு பம்பாய் முடிந்தது. அதற்கு அப்பால் இருப்பவர்கள் பாவம், வெளியூர்க்காரர்கள்.

இந்த நினைப்பால் இதுவரை யாருக்கும் நஷ்டமில்லை. இப்போது மகள் ஜெஸியின் கல்யாணமே இதில் மாட்டிக்கொண்டது. அவள் வேலை பார்க்கும் கம்பெனியில் சாஜன் என்று ஒரு பையன். தூத்துக்குடிப் பக்கத்துக் குடும்பம், நல்ல சம்பளம், சொந்த ஃபிளாட். ஒரே குறை, அந்த ஃபிளாட் முலுண்டுக்கு அப்பால், ஐரோலியில் இருந்தது.

"ஒத்தப் பிள்ளைய ஊருக்கு வெளிய கெட்டிக் குடுக்கச் சொல்லுதீரா, பாய்?" என்று நான் பை தைக்கும் பட்டறைக்கு வந்து தினமும் சண்டை பிடிப்பார். நானா சொன்னேன்? நான் ஜிப் வைத்துக்கொண்டிருந்தேன்.

கடைசியில் ஜெஸியே கேட்டுவிட்டாள். "ஏக் பார், ஒரே ஒரு தடவ வந்து பாருங்கப்பா. அதுக்கப்புறமும் வேண்டாம்னா நான் சாஜனை விட்டுடுறேன்." சொல்லும்போது அவள் குரல் நடுங்கியது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அண்ணாச்சி, அவர் மனைவி லூர்து மேரி, ஜெஸி மூவரும் கிளம்பினார்கள். சாட்சிக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனார். அன்று என் வீட்டில் பிரியாணி. அதைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை.

சயானில் ரயில் ஏறினோம். காட்கோபர் வரை மனிதர் சும்மா இருந்தார். பாண்டுப்பில் பெருமூச்சு. முலுண்ட் தாண்டியதும் ஜன்னல் வழியாகக் கையை ஆட்டி ஊருக்கு டாட்டா காட்டினார். எதிரில் இருந்த மராத்திப் பெண்மணி தனக்குத்தான் காட்டுகிறார் என்று முறைத்தாள். தாணேயில் ரயில் மாறி ஐரோலியில் இறங்கியபோது, "பாரும், ரோட்டுல ஆளே இல்ல" என்றார். தாராவியில் ரோடே இல்லையே, அதை என்ன சொல்வது?

சாஜனின் அப்பா ஏஞ்சலோ, பக்கத்துத் தொழிற்பேட்டையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். காப்பியும் மிக்சரும் வைத்துவிட்டு, ஐரோலியின் பெருமையை ஆரம்பித்தார்.

"நான் வந்தப்போ இங்க பாலம் கிடையாது, ரயில் கிடையாது. ஒரு மீன்பிடி கிராமம், உப்பளம், சதுப்பு. ராத்திரி நரி ஊளையிடும்."

அண்ணாச்சிக்கு அல்வா கிடைத்த மாதிரி ஆகிவிட்டது. "கேட்டீரா பாய்? நரி! நரி இருந்த இடத்துல என் மக குடியிருக்கணுமாம்."

சாஜன் தலையைக் குனிந்துகொண்டான். ஜெஸியின் கண் நிறைந்துவிட்டது. எனக்கு அண்ணாச்சியின் வாயில் மிக்சர் தட்டைக் கவிழ்க்கலாம் போல இருந்தது.

அதுவரை பேசாமல் இருந்த லூர்து மேரி அக்கா டம்ளரைக் கீழே வைத்தார்.

"எங்கப்பாவுக்கு மஜ்காவ்ல கப்பல் டாக்ல வேலை. கல்யாணம் பேச சயான்ல எறங்கி, தாராவியில இவுக வீட்டுக்கு நடந்து வந்தாவ. முழங்கால் மட்டும் சேறு, தோல் பதனிடுற நாத்தம். 'இது ஊருக்கு வெளியல்லா இருக்கு'ன்னு கேட்டாவ. 'பத்து வருசத்துல இதுதான் மாமா நடு பாம்பே'ன்னு இவுகதான் சொன்னாவ."

அண்ணாச்சி மிக்சரில் கடலையைத் தேடினார்.

"கெட்டிக் குடுத்த பொறவும் அப்பாவுக்கு நம்பிக்கையே வரல. ரெண்டு வருசம், ஞாயித்துக்கெழம தவறாம வருவாவ. ஆறு மணிக்கெல்லாம் கதவத் தட்டி, என் மொகத்தப் பாத்துட்டுப் போயிருவாவ. இவுக போர்வைய இழுத்து மூடிக்கிட்டு, 'ஒங்கப்பாவுக்கு வேற சோலியே இல்லியா'ன்னு கேப்பாவ."

அண்ணாச்சி மகளைப் பார்த்தார். அவர் முகம் கோணிப்போயிற்று. கோபமில்லை அது. அவருக்கு ஐரோலியும் பிரச்சினை இல்லை, முலுண்டும் பிரச்சினை இல்லை என்று எனக்கே அப்போதுதான் உறைத்தது.

பிறகு மிக்சர் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு ஏஞ்சலோவிடம் கேட்டார்.

"ஞாயித்துக்கெழம தாணேயில இருந்து இங்க வர மொதல் ரயிலு எத்தன மணிக்கு?"

ஏஞ்சலோ அவரை ஒரு நிமிடம் உற்றுப் பார்த்தார்.

"காலையிலேயே இருக்கு. ஆனா ஏழு மணிக்கு முன்னால மட்டும் கதவத் தட்டிராதீங்க, சம்பந்தி."