நாள் பார்க்காமல்

ஆவாரம்பட்டைக் கட்டைத் தலையிலிருந்து இறக்கிய மாத்திரத்தில் மீனாம்பாளுக்குத் தெரிந்துவிட்டது, இது வழக்கமான வலி இல்லை என்று. வலது தொடையும் அடிவயிறும் சேரும் இடத்தில் ஒரு வருஷத்துக்கும் மேலாக ஒரு கட்டி அவளோடு இருந்தது. சுமை தூக்கினால் புடைக்கும், இருமினால் புடைக்கும். மல்லாந்து படுத்து விரலால் மெல்ல அழுத்தினால் களக்கென்று உள்ளே போய்விடும். போய்விட்டால் எழுந்து புடவையை இறுக்கிக் கட்டிக்கொண்டு அடுத்த கட்டைத் தூக்கப் போவாள். இன்றைக்குப் பட்டைக் குவியலுக்குப் பின்னால் யாரும் பார்க்காத இடத்தில் படுத்து அழுத்திப் பார்த்தாள். போகவில்லை. கல் மாதிரி நின்றது. தொட்ட இடம் சுட்டது.

1932, மாசி மாதம். ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப்புகளில், அதற்கான பட்டையை இறக்கும் பெண்கள் நிறையப் பேர் இருந்தார்கள். ஆனால் வண்டியிலிருந்து கட்டைத் தானே முட்டி மடக்கி வாங்கி, யாரும் கை கொடுக்காமல் நிமிர்ந்து நடப்பவள் மீனாம்பாள் ஒருத்திதான். தொட்டியில் தோல் புரட்டும் ஆண்கள்கூட அவள் கடந்து போகும்வரை நின்று பார்ப்பார்கள். புதிதாக வந்த பெண்களிடம் மேஸ்திரி அப்துல் ஹமீத், அவள் நடப்பதைப் பார்த்துக் கற்றுக்கொள்ளச் சொல்வார். அந்தப் பேச்சு காதில் விழும்போதெல்லாம் அவள் கழுத்து இன்னும் கொஞ்சம் நிமிரும். கட்டியைப் பற்றி யாரிடமும் வாய் திறக்காததற்குக் காரணம் அதுதான். வெட்கம் பாதி. மீதி, நாளைக்கு இன்னொருத்தி வந்து தன் கட்டுக்குக் கை கொடுப்பாளே என்ற நினைப்பு.

ஒரே ஒருத்திக்கு மட்டும் தெரியும். மேஸ்திரியின் மனைவி ஹலீமா பீ. இரண்டு வீட்டுக்கும் கொல்லைப்புறம் ஒன்று. ஹலீமா பீ தன் மகளின் பிரசவத்துக்காக வேலூர் பொம்பளை ஆஸ்பத்திரியில் தங்கியிருந்தபோது, பக்கத்துக் கட்டிலுக்கு இதே மாதிரி கட்டியோடு ஒருத்தியைக் கொண்டுவந்தார்கள். வலி கண்ட பிறகும் நாள் கணக்கில் வீட்டிலேயே வைத்திருந்தார்களாம். அவள் உயிரோடு வீடு திரும்பவில்லை. ஹலீமா பீ டாக்டரம்மாவை விடாமல் கேட்டிருந்தாள். குடல்தான் சந்து வழியாக இறங்கி வருகிறது, வந்து போகிற காலத்திலேயே தைத்துக்கொள்வது நல்லது என்று அந்தம்மா சொன்னதை மீனாம்பாளிடம் பலமுறை சொல்லியாயிற்று. தை போகட்டும், அறுப்பு முடியட்டும் என்று மீனாம்பாள் தள்ளிப்போட்டாள். ஒரு பேச்சை மட்டும் ஹலீமா பீ அழுத்திச் சொல்லி வைத்திருந்தாள்: "உள்ள போற வரைக்கும் நாள் பாத்து வரலாமாம். போவாம நின்னு, வலிச்சு, வாந்தி வந்துட்சின்னா நாள் பாக்கக் கூடாதாம். அப்பவே வரணுமாம்."

மீனாம்பாள் யார் தோளையும் பிடிக்காமல் வீட்டுக்கு நடந்தாள். வாசலில் உட்கார்ந்ததும் வாந்தி வந்தது. காலையில் குடித்த கூழ், பிறகு வெறும் பித்தம். சேதி கேட்டு ஓடிவந்த புருஷன் பெருமாளிடம் முதல் முறையாகக் கட்டியைப் பற்றிச் சொன்னாள். அவன் திட்டவில்லை. இத்தனை நாள் தனக்குத் தெரியாமல் போயிற்றே என்பதுபோல அவள் முகத்தையே பார்த்தான். ஆற்றுக்கு அந்தப் பக்கம் எண்ணெய் போட்டு வழித்து விடுகிறவர் ஒருவர் இருக்கிறார், குடலையும் ஏற்றி விடுவாராம், போய்க் கூட்டி வருகிறேன், அதுவரைக்கும் அசையாமல் படு என்று சொல்லிவிட்டு ஓடினான். வயிற்றைக் கிழிப்பது என்ற பேச்சே அவனுக்கு ஆகாது.

அவன் போன பிறகு அவள் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். வலி அலை அலையாக வந்தது. வழிப்பவர் வருவார், அழுத்துவார். போனால் சரி. போகாவிட்டால்? பொழுது சாய்ந்துவிடும். ராத்திரி வண்டி கிடையாது. காலையில் பார்க்கலாம் என்று எல்லோரும் சொல்வார்கள், தானும் சரி என்று சொல்லிவிடுவோம் என்று அவளுக்குத் தெரிந்தது. அதுதான் பயமாக இருந்தது. கல்லாகிப்போன அந்த இடத்தை இன்னொரு முறை தொட்டுப் பார்த்தாள். எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு கொல்லைக்குப் போய் ஹலீமா பீயைக் கூப்பிட்டாள்.

"நான் வண்டி ஏறப்போறேன், பீபிம்மா. அந்த ஆஸ்பத்திரிக்கு எப்பிடிப் போறதுன்னு மட்டும் சொல்லு."

ஹலீமா பீ அவள் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். ஹலீமா பீ புருஷன் கூட இல்லாமல் ரயில் ஏறியறியாதவள். கடைத்தெருவுக்குக்கூடத் தனியாகப் போனதில்லை. உள்ளே போய் புர்கா போட்டுக்கொண்டு வந்தாள். பக்கத்து வீட்டுப் பெண்ணிடம், பெருமாளுக்கும் தன் வீட்டுக்காரருக்கும் தகவல் சொல்லச் சொன்னாள்.

"மேஸ்திரியக் கேக்க வாணாமா?" என்றாள் மீனாம்பாள்.

"கேட்டா யோசிப்பாரு. அவரு யோசிச்சு முடிக்கறதுக்குள்ள வண்டி போய்டும். நட."

பாசஞ்சரில் பெண்கள் பெட்டி நெரிசலாக இருந்தது. ஹலீமா பீ இடம் கேட்டு வாங்கி அவளைப் படுக்க வைத்து, தலையை மடியில் வைத்துக்கொண்டாள். ஒவ்வொரு ஸ்டேஷனிலும் வண்டி நிற்கும்போது மீனாம்பாள் பல்லைக் கடித்துக்கொண்டாள், ஓடும்போது கண்ணை மூடிக்கொண்டாள். காட்பாடியில் ஜட்காக்காரன் இவர்களைப் பார்த்துத் தயங்கினான். ஹலீமா பீ முகத்திரைக்குள்ளிருந்து போட்ட அதட்டலில் மறுபேச்சு பேசாமல் ஏற்றிக்கொண்டான். பாலாற்றுப் பாலத்தில் வண்டி தூக்கிப்போட்டபோது மட்டும் மீனாம்பாள் வாய்விட்டுக் கத்தினாள்.

டாக்டரம்மா தொட்டுப் பார்த்ததும் அவசரம் அவசரமாக ஆட்களைக் கூப்பிட்டாள். புருஷன் வந்திருக்கிறானா, அறுக்கச் சம்மதம் சொல்ல யார் இருக்கிறார்கள் என்று கேட்டாள்.

"ஒடம்பு என்னுதும்மா. நான்தான் வந்தேன். நானே சொல்றேன், அறுங்க," என்றாள் மீனாம்பாள்.

விடிந்தபோது தொண்டை காய்ந்து கிடந்தது. வயிற்றின் ஓரத்தில் வேறு மாதிரியான வலி, சுத்தமான வலி. சொட்டுத் தண்ணீர் தரமாட்டோம் என்று சொல்லி, நர்ஸ் ஈரத்துணியால் உதட்டைத் துடைத்தாள். குடல் கறுக்க ஆரம்பித்திருந்ததாம். வெந்நீர்த் துணி போட்டுக் காத்திருந்தார்களாம், மெல்லச் சிவப்பு திரும்பியதாம். காலைவரை வீட்டில் இருந்திருந்தால் திரும்பியிருக்காது என்று டாக்டரம்மா சொன்னாளாம். இனிமேல் ரொம்ப நாளைக்குச் சுமை தூக்கக்கூடாது என்பதையும் நர்ஸ் சொன்னாள். தன் பட்டைச் சுமையை இப்போது யார் தூக்கிக்கொண்டிருப்பார்கள் என்று மீனாம்பாள் நினைத்தாள். நினைத்த அளவுக்கு அது வலிக்கவில்லை.

வார்டு வாசலில் பேச்சுச் சத்தம் கேட்டது. ஆண்கள் உள்ளே வரக்கூடாது, நீ யாரைப் பார்க்க வந்தாய் என்று காவல்காரர் யாரையோ கேட்டார். பெருமாளின் குரல், ஷாப்பில் ஆள் கூப்பிடுகிற மாதிரி உரக்கக் கேட்டது.

"நேத்து யாருக்கும் காத்திராம தானா வண்டி ஏறி வந்தாளே ஆம்பூர்லேர்ந்து ஒருத்தி. அவ வீட்டுக்காரன் நான்."

பக்கத்துக் கட்டில்காரிகள் தலையைத் திருப்பி மீனாம்பாளைப் பார்த்தார்கள். சிரிக்கப் பார்த்தாள், தையல் இழுத்தது. முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

வெளியே முற்றத்துப் பெஞ்சில் ஹலீமா பீ உட்கார்ந்தபடியே தூங்கிக்கொண்டிருந்தாள். போகிறவர்களும் வருகிறவர்களும் நிறைந்த அந்த இடத்தில் அவள் முகத்திரை பின்னால் தள்ளிக் கிடந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது. முதல் வண்டிக்கு வந்து சேர்ந்திருந்த அப்துல் ஹமீத் அவள் எதிரே நின்றார். அவளை எழுப்பவில்லை. ஏறிவருகிற வெயில் அவள் முகத்தில் விழாதபடி தன் குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு, ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறி மாறி நின்றுகொண்டிருந்தார்.