பேசாத வீட்டு ஆலங்கட்டி

1943 சித்திரையிலிருந்து, வில்லாபுரத்தில் சீனியம்மாள் வீட்டு முற்றத்தில் மட்டும் தினமும் மாலை நாலு மணிக்கு ஆலங்கட்டி மழை பெய்தது. பக்கத்து வீட்டுப் பாண்டியம்மாள் காயப்போட்ட மிளகாய் ஒரு நாளும் நனையவில்லை. காரணம் தெரு முழுக்கத் தெரியும். சீனியம்மாளின் தம்பி விருமாண்டி கல்யாணத்துக்குப் பித்தளை அண்டா செய்முறை செய்ய வேண்டிய அவள் புருஷன் மொக்கையன், யுத்தகாலத்தில் பித்தளை அகப்படவில்லை என்று ஒரு அலுமினிய அண்டாவைத் தூக்கிக்கொண்டு பந்தலுக்குள் நுழைந்தான். "காத்தடிச்சா பறந்துரும், கெட்டியாப் பிடிங்க மச்சான்!" என்றான் விருமாண்டி. பந்தலே சிரித்தது. அந்த அவமானத்தில் சீனியம்மாள் அன்றைக்கே புருஷனோடு பேச்சை நிறுத்திவிட்டாள். மறுநாள் முற்றத்தில் முதல் கட்டி விழுந்தது.

இந்தச் சேதி அவனியாபுரத்துப் பக்கம் இருந்த விமானத் தளம்வரை போயிற்று. எப்படிப் போயிற்று என்று பாண்டியம்மாளைத்தான் கேட்க வேண்டும். மேகத்துக்குள் ஆலங்கட்டி அடித்து விமானத்தின் தோல் நசுங்குகிறதாம். எந்தத் தகடு தாங்கும் என்று பார்க்கக் குமாஸ்தா கல்யாணராமன் வண்டி நிறையத் தகடுகளோடு வந்து சேர்ந்தார். முற்றத்தில் பரப்புவார், மழை விட்டதும் ஒவ்வொரு குழியையும் அளந்து எழுதுவார். ஒரு நாள் சீனியம்மாள் வாய் தவறிப் புருஷனிடம் "சோறு ஆறுது" என்றுவிட, மழை பாதியில் நின்றது. குமாஸ்தா பதறிப்போனார்.

"யுத்தம் முடியற மட்டும் அவரோட பேசாதீங்கோம்மா. சர்க்கார் காரியம்."

"யுத்தம் எப்ப சாமி முடியும்?" என்றான் மொக்கையன்.

"அதை லண்டன்லதான் கேக்கணும்."

இரண்டு வருஷம் மொக்கையன் மாட்டோடு மட்டும் பேசினான். அவளுக்கோ கோபம் எப்போதோ ஆறிவிட்டது. சர்க்காருக்குப் பயந்து உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். கட்டியும் எலுமிச்சையிலிருந்து சுண்டைக்காயாகச் சிறுத்தது. இது போதாது என்று மேலிடம் முறைக்க, குமாஸ்தா விருமாண்டியை வரவழைத்து அண்டாக் கதையை மறுபடி சொல்லவைத்தார். அவனுக்குச் சொல்லியா கொடுக்க வேண்டும்? அன்று கட்டி தேங்காய் பருமனில் இறங்கியது. மொக்கையன் எழுந்து போய்த் தகடுகளுக்கு நடுவே வெறுந்தலையோடு உட்கார்ந்தான்.

"யோவ், மண்ட ஒடஞ்சிரும்! உள்ள வாய்யா!" என்று கத்தினாள் சீனியம்மாள்.

விழுந்துகொண்டிருந்த கட்டிகள் ஆளுயரத்தில் அந்தரத்திலேயே நின்றன. விழவுமில்லை, கரையவுமில்லை. குமாஸ்தா மூன்று நாள் அளவுகோலோடு அண்ணாந்து பார்த்திருந்துவிட்டுத் தகடுகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார். சீனியம்மாள் இரண்டு கட்டிகளுக்கு நடுவே கயிறு கட்டி, புருஷன் வேட்டியைக் காயப்போட்டாள். ஓரத்தில் தன் சேலைக்கும் கொஞ்சம் இடம் வேண்டும் என்று பாண்டியம்மாள் கேட்டிருக்கிறாள்.