பெரியக்கா அடித்த அடி

அந்த சிம்பொனி இசைக்குழு பிறந்த வருஷமே ரத்தத்தைப் பார்த்துவிட்டது.

பழைய டயர் கிடங்கு ஒன்றில் ஒன்பது பேராகத் தொடங்கினார்கள். பெரியக்கா டபுள் பேஸ் வாசித்தாள். தன்னைவிட உயரமான அந்த வாத்தியத்தை அவள் அணைத்துக்கொண்டு நின்றால், யாரை யார் தாங்குகிறார்கள் என்று சந்தேகம் வரும். அவள் புருஷன் ஓபோ என்ற மேல்நாட்டு ஊதுகுழல் வாசித்தார். கோல் பிடித்து நடத்தியவன் அவள் தம்பி. கண்டக்டர் என்று சொன்னால் "எந்த பஸ்ஸுல?" என்று கேட்டார்கள். அதனால் மாஸ்டர் என்றே பெயர் நிலைத்துவிட்டது.

ஊரிலிருந்த ஹோட்டல்களையும் கல்யாண மண்டபங்களையும் அப்போது ஒரு பேண்டு கோஷ்டி கையில் வைத்திருந்தது. புதிதாக வந்தவர்களுக்கும் வாய்ப்புப் போகிறது என்றதும், சைக்கிள் செயினைச் சுற்றிக்கொண்டு கிடங்குக்குள் புகுந்தார்கள். "எங்க பொழப்புல மண்ணள்ளிப் போட வந்தீங்களாடா" என்று முதல் வீச்சிலேயே ஒரு வயலினைச் சிதறடித்தார்கள். மற்ற எல்லோரும் சுவரோடு சுவராக ஒட்டிக்கொள்ள, தம்பி மட்டும் ஒரு இரும்புக் குழாயை உருவிக்கொண்டு முன்னால் போனான். அவன் காது பாதி கிழிந்து தொங்கியது. எதிராளிகளின் தலைவனுக்கு முழங்கால் போயிற்று. கோஷ்டி ஓடிவிட்டது.

அடித்தவர்களில் இரண்டு பேர் அடுத்த மாதமே டிரம்பெட்டோடு வந்து வாசலில் நின்றார்கள். தம்பி அவர்களைச் சேர்த்துக்கொண்டான். பித்தளை வாத்தியப் பிரிவு உண்டானது அப்படித்தான்.

அன்று முதல் அவன் கையைக் குழுவே கும்பிட்டது. பெரியக்காவும்தான். சின்ன வயதில் அப்பாவின் பெல்ட்டுக்கு முதுகைக் கொடுத்து அவள் காப்பாற்றிய தம்பி, இப்போது எல்லோரையும் காப்பாற்றுகிறான் என்று பூரித்துப்போனாள்.

கிடங்கிலிருந்து மூடிப்போன ஒரு சினிமா தியேட்டருக்குப் போனார்கள். ஒன்பது முப்பதாகி, முப்பது எழுபதைத் தொட்டது. வெளியூரிலிருந்தெல்லாம் ஆள் வந்து சேர்ந்தார்கள். வெளியே அடிக்க ஆளில்லாமல் போனதும் மாஸ்டரின் கை உள்ளே திரும்பியது. தாளம் தப்பிய வயலின்காரனை முடியைப் பிடித்து மேடையிலிருந்து இழுத்தான். புல்லாங்குழல்காரரின் காதில் விட்ட அறையில் அவருக்கு ஒரு வாரம் இரைச்சல் ஓயவில்லை. பத்திரிகைகள் கட்டுப்பாடான குழு என்று புகழ்ந்தன. யாராவது பெரியக்காவிடம் வந்து அழுதால், "அடிக்கிற கைதான் அணைக்கும். பொறுத்துக்கோ" என்று தண்ணீர் கொடுத்து அனுப்பிவைப்பாள்.

ஒருநாள் அந்தக் கை அவள் வீட்டுக்காரர் மேலேயே விழுந்தது. மெதுவாகப் போகும் ஒரு பகுதியில் அவர் கொஞ்சம் முன்னதாக நுழைந்துவிட்டார். மாஸ்டர் இறங்கி வந்து, ஓபோ உதட்டில் இருக்கும்போதே முகத்தில் குத்தினான். வாத்தியம் தொண்டை வரை ஏறியது. முன்பற்கள் இரண்டு தரையில் விழுந்தன. மேலுதடு இரண்டாகப் பிளந்துவிட்டது.

"எப்படி ஆச்சு?" என்று ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டார்.

"மாடிப்படில தடுக்கி விழுந்துட்டாரு" என்றாள் பெரியக்கா.

துண்டால் வாயைப் பொத்திக்கொண்டிருந்த புருஷன் அவளை ஒரு பார்வை பார்த்தார். தைத்த உதட்டை வைத்துக்கொண்டு இனி ஓபோ வாசிக்க முடியாது. அவர் மற்றவர்களின் ஓபோ வாயில் செருகும் நாணலைச் சீவிக் கொடுக்க ஆரம்பித்தார். வீட்டில் சாப்பாடு, துணிமணி, மழை எல்லாவற்றையும் பற்றிப் பேசுவார். சங்கீதத்தைப் பற்றி மட்டும் அவளிடம் வாயே திறப்பதில்லை.

அந்த வருஷம்தான் குழுவுக்குச் சொந்தமாகப் புது அரங்கம் கிடைத்தது.

திறப்பு விழாவுக்கு முந்தைய ஒத்திகையில், ஹார்ன் என்ற கனத்த பித்தளை ஊதுவாத்தியத்தோடு புதிதாகச் சேர்ந்திருந்தவளுக்கு ஒரு சுரம் உடைந்தது. மாஸ்டர் கோலைத் தட்டி நிறுத்தினான்.

"எழுந்திரு."

அவள் எழுந்திருக்கவில்லை. "வாயால சொல்லுங்க மாஸ்டர். எனக்குக் காது கேக்குது."

யாரும் அவனிடம் அப்படிப் பேசியதில்லை. அவன் தான் நின்ற சின்ன மேடையிலிருந்து குதித்து, அவள் மடியிலிருந்த ஹார்னைப் பிடுங்கி அவள் தலையிலேயே இறக்கினான். நெற்றி வெடித்து ரத்தம் கண்ணை மூடியது. எழுபது பேரும் எதிரிலிருந்த சுரத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவன் ஹார்னை மறுபடி ஓங்கினான்.

பெரியக்கா டபுள் பேஸைக் கையிலிருந்து விட்டாள். அது விழுந்து விரிசல் விட்ட சத்தத்துக்குக்கூட யாரும் திரும்பவில்லை. நாற்காலிகளைத் தள்ளிக்கொண்டு வந்து குறுக்கே நின்றாள்.

"தம்பி, அதைக் கீழ வை."

"உன் இடத்துக்குப் போக்கா."

"கீழ வைடா."

ஹார்ன் அவள் இடது தோளில் இறங்கியது. உள்ளே எலும்பு முறிந்த சத்தத்தை அவளே கேட்டாள். அவன் மூன்றாவது முறை கையைத் தூக்கியபோது, பக்கத்திலிருந்த ஸ்டூலை வலது கையால் இழுத்துச் சுழற்றினாள். அதன் இரும்புக் கால் அவன் மணிக்கட்டில் இறங்கியது. ஹார்ன் உருண்டது. அவன் முழங்காலிட்டு, தரையில் கையை ஊன்றினான். ஊன்றிய அந்தக் கையின்மேல் ஸ்டூலை இன்னொரு முறை இறக்கினாள்.

முதல் அடி தடுப்பதற்கு. இரண்டாவது அப்படியல்ல என்று அடிக்கும்போதே அவளுக்குத் தெரிந்திருந்தது. அடித்து முடித்ததும் ஒரு கணம் உடம்பெல்லாம் இனித்தது. அதன்பிறகுதான் வாந்தி எடுத்தாள்.

போலீஸ் வந்தது. இன்ஸ்பெக்டர் அம்மா ஆளாளுக்கு விசாரித்தார். மூத்த டிரம்பெட்காரர் பழக்கதோஷத்தில், "மாஸ்டர் தடுக்கி விழுந்துட்டாரும்மா" என்றார்.

"இந்தம்மா?"

"அவங்களும் விழுந்துட்டாங்க."

"ஹார்ன்காரம்மா?"

"யாரும் விழல" என்றாள் பெரியக்கா. "நான்தான் அவன் கையை உடைச்சேன். அதுக்கு முன்னாடி அவன் அடிச்சான். அதுக்கும் முன்னாடி நடந்தது நிறைய இருக்கு. எழுதிக்கோங்க."

பின்னாலிருந்து அவள் புருஷன் வந்தார். இன்ஸ்பெக்டருக்கு எதிரே நின்று, உதட்டை விரலால் தூக்கிக் காட்டினார். "இதுவும் மாடிப்படி இல்லைங்க" என்றார். அதற்குப்பின் புல்லாங்குழல்காரர் எழுந்தார். வரிசையாக மற்றவர்களும் எழுந்தார்கள்.

அவனுக்குச் சிறை கிடைத்தது. இரண்டாவது அடிக்காக அவளுக்கும் தண்டனை உண்டு. வயதைப் பார்த்து நன்னடத்தை உறுதிமொழியின்பேரில் விட்டார்கள்.

வழக்கு முடிவதற்கு முன்பே, கோல் பிடிக்க ஆளில்லாமலே திறப்பு விழா நடந்தது. முதல் வயலின்காரி வில்லை அசைத்து, யார் எங்கே நுழைவது என்று காட்டினாள். கட்டுப்போட்ட கையைக் கழுத்தில் தொங்கவிட்டபடி, பெரியக்கா முதல் தடவையாகப் பார்வையாளர் நாற்காலியில் உட்கார்ந்து கேட்டாள். இரண்டாவது பகுதியில் பித்தளை ஒரு பக்கமும் தந்தி வாத்தியங்கள் ஒரு பக்கமும் பிய்த்துக்கொண்டு போயின. பெரிய முரசுகளை அடிக்கும் டிம்பனிக்காரர்தான் காதைப் பிடித்து இழுப்பதுபோல எல்லோரையும் ஒன்று சேர்த்தார்.

"தந்தி கொஞ்சம் ஓடிடுச்சு" என்று பக்கத்திலிருந்து மெல்லச் சொன்னார் புருஷன்.

அவள் திரும்பிப் பார்த்தாள். "ஆமா" என்றாள்.

தம்பி வெளியே வந்து சில வாரங்கள் கழித்து அவன் குடியிருந்த இடத்துக்குப் போனாள். அவனே கதவைத் திறந்தான். மெலிந்திருந்தான். வலது கை உள்பக்கமாகக் கோணி நின்றது.

"திறப்பு விழாவுல ரெண்டாவது பகுதி பிச்சுக்கிட்டுப் போச்சாமே" என்றான்.

"போச்சு."

"நான் இருந்திருந்தா?"

"போயிருக்காது."

"அப்புறம் ஏன்க்கா?"

உள்ளே கூப்பிடுவதற்காகக் கதவை இன்னும் அகலமாகத் திறக்க அவன் இடது கையைத் தூக்கினான். தன்னையறியாமல் பெரியக்கா பின்னால் நகர்ந்து, நல்ல தோளை முன்னால் கொடுத்து முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அவன் அதைப் பார்த்தான். தூக்கிய கையை மெதுவாக இறக்கினான்.

"போயிட்டு வாக்கா" என்றான்.

அவள் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு படியிறங்கினாள். கதவு மூடும் சத்தம் கேட்கவே இல்லை.