தொண்ணூற்றைந்தாம் வருஷத்து ஒயின்

கல்யாணம் நின்று பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது. நின்றிருக்காவிட்டால் அன்றைக்குத்தான் முகூர்த்தம். நாராயணவனத்தில் மண்டபம் பிடித்து, பத்திரிகைகூடக் கொடுத்து முடித்திருந்தார்கள்.

ரூபா காலையில் தலைக்குக் குளித்துவிட்டு, முகூர்த்தத்துக்கென்று எடுத்த அரக்குப் பட்டைக் கட்டிக்கொண்டு வந்தாள். கறி கழுவிக்கொண்டிருந்த அம்மா சந்திரம்மா நிமிர்ந்து பார்த்தாள்.

"இத ஏண்டி இன்னிக்குக் கட்டிக்கினே?"

"எனக்குத்தானம்மா எடுத்தது? இன்னிக்குத்தான் கட்டணும்."

சத்தியவேடு பக்கம் மாந்தோப்பு வைத்திருக்கும் கோவர்த்தனனுக்கு ரூபா ஒரே மகள். திருப்பதியில் ஹோட்டல் படிப்பை முடித்துவிட்டு மேல்படிப்புக்கு பிரான்ஸ் போனவள், பர்கண்டி என்ற பகுதியில் ஒரு திராட்சைத் தோட்டத்தில் ஐந்து வருஷம் வேலை பார்த்தாள். ஒயினை வாயில் வைத்துப் பார்த்து, எது இப்போதே குடிக்கலாம், எது இன்னும் பத்து வருஷம் கிடக்கட்டும் என்று சொல்வதுதான் வேலை. மாப்பிள்ளை சுதீருக்கு இது முதலிலேயே தெரியும். பெருமையாகத்தான் கேட்டுக்கொள்வான். ஆனால் நிலவறைக்குள் அவள் கையில் கிளாஸோடு நிற்கும் படம் ஒன்று எப்படியோ அவன் வீட்டு வாட்ஸ்அப் குரூப்புக்குப் போய்ச் சேர்ந்தது. குடித்ததில்லை, இனி அந்த வேலைக்கும் போகமாட்டேன் என்று கோயில் வாசலில் பெரியவர்கள் முன்னால் சத்தியம் செய்யச் சொன்னார்கள் அவன் வீட்டார்.

"ஒரு வார்த்த சொல்லிடு ரூபா, அப்பறம் நம்ம இஷ்டம்தானே" என்றான் சுதீர்.

"பொய்யிலயா ஆரம்பிக்கறது?" என்று கேட்டவள், அன்றைக்கே கல்யாணம் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். ஊரில் யாரும் அதை நம்பவில்லை. மாப்பிள்ளை வீட்டார்தான் நிறுத்தினார்கள் என்று பேசிக்கொண்டார்கள்.

அவள் வேலையை விட்டுக் கிளம்பும்போது தோட்டத்து முதலாளியம்மா ஒரு பாட்டில் கொடுத்திருந்தாள். ரூபா பிறந்த தொண்ணூற்றைந்தில் பறித்த திராட்சையில் செய்த சிவப்பு ஒயின். கல்யாணத்தன்றைக்குத் திறக்கலாம் என்று பேப்பரில் சுற்றி ஃப்ரிட்ஜில் படுக்க வைத்திருந்தாள். அடியில் இருக்கும் வண்டல் இறங்கட்டும் என்று மூன்று நாளுக்கு முன்னால் ஃப்ரிட்ஜுக்குள்ளேயே அதை நிமிர்த்தி வைத்தாள். கல்யாணம் நின்றாலும் அதே நாளில் திறப்பது என்று அப்போதே அவள் முடிவு செய்துவிட்டாள் என்று அர்த்தம்.

பன்னிரண்டு மணிக்கு கார்க்கைத் திருகினாள். முப்பது வருஷத்துக் கார்க் பாதியில் உடைந்தது. மீதியை மெதுவாகக் கிளறி எடுத்து, துவைத்த மல்துணியில் வடிகட்டி, கண்ணாடி ஜாடியில் ஊற்றினாள். நல்ல சிவப்பாக இல்லை. ஓரத்தில் பழைய செங்கல்லின் நிறம்.

அந்த நேரத்தில்தான் தாய்மாமன் நாகையா உள்ளே வந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"அவங்க எறங்கி வந்துட்டாங்க. சத்தியம்லாம் வேணாமாம். கிளாஸ்ல இருந்தது திராட்ச ஜூஸுன்னு ஒரு வீடியோ பேசிப் போட்டா போதுமாம். அடுத்த முகூர்த்தத்துலயே வச்சிக்கலாம்." அப்புறம்தான் மேஜையைப் பார்த்தார். "இன்னாது அது?"

"ஒயின் மாமா. போட்டோல நான் வச்சிக்கினு இருந்தேனே, அதே தோட்டத்துது."

நாகையா பாய்ந்துபோய் வாசல் கதவைச் சாத்தினார். "பாத்தாங்கன்னா நம்ம பருவு இன்னா ஆவறது? மானம் மரியாத வேணாமா?"

சந்திரம்மா ஈரக் கையோடு சமையலறையிலிருந்து வந்தாள். நேராகப் போய் இரண்டு கதவையும் அகலத் திறந்து, காற்றில் மூடிக்கொள்ளாமல் மாங்காய்க் கூடை ஒன்றை நகர்த்தி முட்டுக் கொடுத்தாள்.

"நீ தெனம் புத்தூர்ல குடிச்சிட்டு வர்றியேண்ணா, அண்ணிதான கதவு தெறக்கறா? அப்ப எந்தப் பருவு போச்சி?"

"நான் ஆம்பள சந்திரா."

"இருந்துக்கோ. என் பொண்ணு தப்பு ஒண்ணியும் பண்ணல. கதவ சாத்தினாத்தான் தப்பு பண்ண மாதிரி ஆவும்."

நாகையா, இலை முன்னால் உட்கார்ந்திருந்த கோவர்த்தனன் பக்கம் திரும்பினார். "மாப்ள, நீ சொல்லு."

கோவர்த்தனன் மச்சானை எதிர்த்து ஒரு வார்த்தை பேசாத மனுஷன். மாங்காய் விற்பதுகூட அவர் கைகாட்டும் வியாபாரிக்குத்தான். இன்றைக்கு மச்சானைப் பார்க்காமல் மகளிடம் கேட்டார்.

"தெறந்துட்டா எவ்ளோ நேரம்மா தாங்கும்?"

"ரொம்பப் பழசு நைனா. இந்த வெயிலுக்கு அரமணி, மிஞ்சினா முக்கா மணி. அப்பறம் வாசன போயிடும்."

"அப்ப ஊத்து. இன்னாத்துக்கு லேட் பண்றே? மச்சான், எல போட்டாச்சி, நீயும் துன்னுட்டுப் போ. அந்த வீடியோ பேச்ச மட்டும் எடுக்காத."

நாகையா சாப்பிடாமலே இறங்கிப் போனார். பைக் சத்தம் தெரு முனை தாண்டும் வரை சந்திரம்மா வாசலிலேயே நின்றாள். கூடப் பிறந்தவர் என்று அவளுக்கு இருப்பது அவர் ஒருவர்தான். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்தாள்.

"எனக்கும் ஊத்துடி."

ரூபா இதை எதிர்பார்க்கவில்லை. ஒயின் கிளாஸ் இரண்டுதான் இருந்தது. அதை அம்மாவுக்கும் நைனாவுக்கும் கொடுத்துவிட்டு, தனக்கு டீ கிளாஸில் ஊற்றிக்கொண்டாள். இத்தனை தூரம் வந்து, ஃப்ரிட்ஜில் கிடந்து, ஒயின் செத்திருக்குமோ என்ற பயம் அவளுக்கு உள்ளூர இருந்தது. மூக்கருகே கொண்டுபோனாள். காய்ந்த ரோஜா வாசனை மெல்ல எழுந்தது. சாகவில்லை. பன்னிரண்டு நாளாக வராத அழுகை அப்போதுதான் வந்தது. துடைக்காமலே ஒரு வாய் குடித்தாள்.

சந்திரம்மா முகத்தைச் சுளித்தாள். "இன்னாடி இப்டி துவர்க்குது!"

"கறியோட சேத்துக் குடிம்மா."

ஒரு துண்டு கறியை மென்றுவிட்டு அவள் மறுபடி குடித்தாள். இந்த முறை உடனே விழுங்கவில்லை.

"மழ பேஞ்ச மறுநாளு தோப்புல பழைய எலைங்க நனஞ்சி கெடக்குமே, அந்த வாசன வருது."

ரூபா கிளாஸைக் கீழே வைத்துவிட்டு அம்மாவையே பார்த்தாள். அதைக் கண்டுபிடிக்க அவளுக்கு பர்கண்டியில் ஒரு வருஷம் பிடித்திருந்தது.

பக்கத்து வீட்டுக் கன்னியம்மாள் மோர் கேட்டு வந்து, திறந்திருந்த வாசலில் நின்றாள். பட்டுப் புடவையையும் ஜாடியையும் மாறி மாறிப் பார்த்தாள். "இன்னா விசேஷம்? கிளாஸ்ல இன்னாது?"

"ஒயினு. எம் பொண்ணு வேல செஞ்ச எடத்துல குடுத்தது. உக்காரு, கறி துன்னு" என்றாள் சந்திரம்மா.

கன்னியம்மாள் ஒயினைத் தொடவில்லை. கறிசோறு மட்டும் நன்றாகச் சாப்பிட்டாள்.

மூன்று மணிக்கு சுதீர் போன் செய்தான். "குடிச்சிக்கினு இருக்கியாமே? போயும் போயும் இன்னிக்கா?"

"இன்னிக்குத்தான் சுதீர். வீடியோ வராது. நீ வேற பொண்ணு பாரு" என்று சொல்லி வைத்தாள்.

அடுத்த திங்கட்கிழமை அவள் சென்னையில் ஒரு பெரிய ஹோட்டலில், ஒயின் பிரிவுப் பொறுப்பில் சேர்ந்தாள். நாகையா இரண்டு மாதம் வீட்டுப் பக்கம் வரவில்லை. கோவர்த்தனன் அந்த வருஷ மாங்காயைத் தானே லாரி பிடித்து ஏற்றி, மாம்பழக் கூழ் ஃபேக்டரிக்குக் கொண்டுபோனார்.

புத்தூர் மார்க்கெட்டில் உறவுக்காரி ஒருத்தி சந்திரம்மாவை ஓரமாக இழுத்து, "நீயும் குடிச்சியாமே, நெஜமாவா?" என்று காதோடு கேட்டாள்.

சந்திரம்மா தக்காளி பொறுக்கிக்கொண்டே, நாலு கடைக்குக் கேட்கும் குரலில் சொன்னாள்.

"ஆமா, குடிச்சன். நல்லா இருந்துச்சி."