பாட்டு மட்டும் போதும், கதை வேண்டாம்

அனிமே என்கிற ஜப்பானியக் கார்ட்டூன் தொடர்களின் பாட்டுகளை நான் சிபாரிசு செய்து இதுவரை ஒருவர்கூட முழுதாகக் கேட்டதில்லை. பாட்டில் ஒரு குறையும் இல்லை. நான் வாயை மூடாததுதான் குறை. கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிற வேலை எனக்கு. தாடையை மிஷினில் வைத்துவிட்டால் வந்தவர் எழுந்து ஓட முடியாது. எழுத்து தெரிகிறதா என்று ஆரம்பித்து, ஒரு புல்லாங்குழல் இசையைச் சொல்லி, அது எந்தக் காட்சியில் வருகிறது, அதற்கு முந்தைய காட்சியில் யார் செத்தார் என்று போய்க்கொண்டே இருப்பேன். கதை தெரியாமல் அந்தப் பாட்டைக் கேட்பது, செத்தது யாரென்று தெரியாமல் துக்கம் விசாரிக்கப் போவது மாதிரி. இது என் கொள்கை. இதனால் கடைக்கு எத்தனை பேர் மறுபடி வரவில்லை என்பது முதலாளிக்குத்தான் தெரியும்.

என்னிடம் அதிகம் மாட்டியவள் என் அக்கா. எனக்குக் கார்ட்டூன் பாகவதர் என்று பேர் வைத்தவளும் அவள்தான்.

அவளுக்குக் கொஞ்ச நாளாகத் தீராத தலைவலி. தலையை ஸ்கேன் எடுத்தால்தான் எதுவும் சொல்ல முடியும் என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். அக்காவுக்கோ மூடின இடம் என்றால் உயிரே போய்விடும், லிஃப்டில்கூட ஏற மாட்டாள். இரண்டு முறை ஸ்கேன் மிஷினின் குழாய்க்குள் போய், படுத்த வேகத்தில் கையிலிருந்த ரப்பர் குமிழை அமுக்கிவிட்டு எழுந்து வந்துவிட்டாள். குமிழை அமுக்கினால் நிறுத்திவிடுவார்கள். மூன்றாவது முறையும் இப்படி ஆனால் மயக்கம் கொடுத்துத்தான் எடுக்க வேண்டும், இவள் இதயத்துக்கு அது ஆகாது.

உள்ளே கேட்க நமக்குப் பிடித்த பாட்டைக் கொண்டுபோகலாமாம். அக்கா கடைக்கே வந்துவிட்டாள்.

"உன் பாட்டு ஏதாவது குடுடா. அர்த்தம் புரியாம இருந்தா நல்லது, யோசிக்க வேண்டாம் பாரு. ஆனா பாட்டு மட்டும். கதை வேண்டாம்."

எனக்குக் கால் தரையில் பாவவில்லை. அவளுக்கு உடம்பு சரியில்லை என்பதே ஒரு நிமிடம் மறந்துபோயிற்று. அவ்வளவு பாசமுள்ள தம்பி நான்.

சண்டைக் காட்சி இசை எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு, ஒரே தொடரிலிருந்து பாட்டுகளை எடுத்தேன். கலங்கரை விளக்கத்தில் தம்பியைத் தனியே விட்டுவிட்டு, பறக்கும் படகில் புயலுக்குள் போய் மருந்து வாங்கிவரக் கிளம்பும் ஓர் அக்காவின் கதை. அவள் திரும்பி வருவதில்லை. அந்த முடிவுக்கு வரும் பாட்டைக் கேட்டு நான் எத்தனை முறை அழுதிருக்கிறேன் என்று சொன்னால் இருக்கிற மரியாதையும் போய்விடும். வாய் சும்மா இருக்குமா? என் திருப்திக்கு, ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் கதையைச் சொல்லி ஒரு பென் டிரைவில் ஏற்றினேன். முடிவை மட்டும் சொல்லவில்லை, அதைப் பாட்டே சொல்லிவிடும் என்று ஒரு பெருந்தன்மை. பிறகு யோக்கியமாக என் பேச்சையெல்லாம் வெட்டிவிட்டு, அக்காவுக்கென்று இன்னொரு பென் டிரைவ்.

ஸ்கேன் எடுக்கிற பெண் பென் டிரைவை வாங்கிக்கொண்டு அக்காவை உள்ளே கூட்டிப்போனாள். கதவு சாத்தி, மேலே சிவப்பு விளக்கு எரிந்தது. சட்டைப்பையில் கைவிட்டால், அக்காவுக்கென்று வைத்திருந்த பென் டிரைவ் அங்கே இருக்கிறது.

அடப்பாவி என்று என்னையே திட்டிக்கொண்டேன். வீட்டிலேயே என் குரல் கேட்டால் எழுந்து போகிறவள், அந்தக் குழாய்க்குள் கேட்டால் அடுத்த நொடி குமிழை அமுக்கிவிடுவாள். ஓடிப்போய்க் கதவைத் தட்டினேன். நர்ஸ் என்னைத் தோளைப் பிடித்து உட்காரவைத்தார். என் வாயாலேயே அக்காவுக்குக் கேடு வந்துவிட்டதே! நிஜமாகவே பயந்துபோனேன். ஆனால் கதவு திறக்கவே இல்லை.

கடைசியில் திறந்தபோது, முழுதாக எடுத்தாயிற்று என்று சொல்லிக்கொண்டே அந்தப் பெண் வந்தாள். பின்னால் தலை கலைந்து அக்கா. எந்தப் பாட்டு பிடித்தது என்றுதான் முதலில் கேட்டேன், புத்தி போகுமா?

"பாட்டா? அந்த மிஷின் போடற சத்தத்துல பாட்டு வேறயா? உள்ள இருக்கற மைக்ல நிறுத்தச் சொல்லிட்டேன்" என்றாள் அக்கா. "முதல்ல உன் குரல் வந்ததும் எரிச்சலா வந்துச்சு. அந்த எரிச்சல்ல பயம் மறந்துபோச்சு. அதுக்குள்ள கதைல வர்ற பொண்ணு படகுல ஏறிட்டா. அப்புறம் சத்தம் ஓயறப்பல்லாம் நீ பேசறத மட்டும் போடச் சொன்னேன்."

இருபது வருஷமாகப் பொறுக்கிப் பொறுக்கிச் சேர்த்த பாட்டுகள். அத்தனையையும் தள்ளிவிட்டு என் தொணதொணப்பைக் கேட்டிருக்கிறாள். அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை.

அக்கா என் மணிக்கட்டைப் பிடித்தாள். கை சில்லிட்டிருந்தது. ஸ்கேனில் என்ன இருக்கிறது என்று இன்னும் யாருக்கும் தெரியாது.

"அந்த அக்கா திரும்பி வந்தாளாடா?"

கேட்காதவர்களுக்கும் முடிவைச் சொல்லிவிடுகிறவன் நான். ஓர் எபிசோடின் நம்பரைத் தப்பாகச் சொன்னதற்காக ஒரு நண்பனோடு பேச்சையே நிறுத்தியவன்.

"வந்துட்டாக்கா" என்றேன்.

ஸ்கேன் எடுத்த பெண் சட்டென்று நிமிர்ந்தாள். "இல்லையே சார், கடைசில அவங்க..."

அவள் அந்தத் தொடரைப் பார்த்திருக்கிறாள். என் ஆயுசில் நான் சந்தித்த ஒரே ஆள். வேறு நேரமாக இருந்தால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்திருப்பேன். இப்போது அவளையே பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. என் மணிக்கட்டைப் பிடித்திருந்த அக்காவின் கையைப் பார்த்தாள்.

"கடைசி எபிசோட்ல வர மாட்டாங்க" என்று இழுத்தாள். "ரெண்டாவது சீசன்லதான் வருவாங்கம்மா. மருந்தோட."

அந்தத் தொடருக்கு இரண்டாவது சீசனே கிடையாது. அனிமே பைத்தியங்களான எங்கள் கூட்டத்தில் இல்லாத சீசனை உண்டென்று சொல்வதைவிடப் பெரிய பாவம் இல்லை. அது தெரிந்துதான் சொன்னாள்.

"அதான பாத்தேன்" என்று அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

லிஃப்டை விட்டுவிட்டுப் படியில் இறங்கும்போது என் தோளைப் பிடித்தபடி, மறுபடியும் ஸ்கேன் எடுக்கச் சொன்னாலும் சொல்வார்கள் என்றாள். "சொன்னா, அந்த ரெண்டாவது சீசன பேசிக் குடு. பாட்டு வேண்டாம்."

சரி என்று தலையாட்டிவிட்டேன். இப்போதெல்லாம் கடையில் யார் தாடையை மிஷினில் வைத்தாலும் நான் வாயைத் திறப்பதில்லை. புயலுக்குள் போன அந்தப் படகை எப்படித் திருப்பிக் கொண்டுவருவது என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். இன்னும் ஒரு வழியும் அகப்படவில்லை. ஆனாலும் கொண்டுவந்துவிடுவேன்.