பூஜையன்று தொட்டது

சும்மா இருந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி. ஆயுத பூஜையன்று பூபாலன் செய்ததும் அதுதான்.

அவருக்கு ஆவடி ஃபேக்டரியில் ஃபிட்டர் வேலை. குவார்ட்டர்ஸ் முன்னறையில் மனைவி கோமளாவின் எம்பிராய்டரி மிஷினும், அதற்கு டிசைன் வரையும் கம்ப்யூட்டரும் இருந்தன. பல வருஷம் எக்ஸ்போர்ட் கம்பெனியில் யாருக்கோ சட்டை தைத்தவள், டிசைன் வரையக் கற்றுக்கொண்ட பிறகுதான் சொந்தமாகத் தொழில் தொடங்கினாள். கல்யாண ரவிக்கைக்கு அவள் போடும் மயிலைத் தேடி முகப்பேரிலிருந்தெல்லாம் பெண்கள் வந்தார்கள். வரைந்தது அத்தனையும் அந்தக் கம்ப்யூட்டருக்குள்தான் இருந்தது. வேறெங்கும் இல்லை.

பூஜையன்று காலையில் இரண்டுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்துவிட்டு அவள் சுண்டல் தாளிக்கப் போனாள். பூபாலனுக்குக் கை சும்மா இருக்கவில்லை. பொட்டு வைத்தால் போதுமா, ஆன் பண்ணியதும் கம்பெனி முத்திரைக்குப் பதில் சரஸ்வதி வர வேண்டாமா? யூடியூபில் ஒருவன் சொன்ன சாஃப்ட்வேரை இறக்கினார். ஆபத்து, தொடரலாமா என்று அது இரண்டு முறை கேட்டது. மனுஷர் இரண்டு முறையும் ஆமாம் என்று அமுக்கினார். திரை கறுத்தது. அப்புறம் முத்திரையும் வரவில்லை, கலைமகளும் வரவில்லை.

கரையான்சாவடி மெக்கானிக் கிருபாகரனுக்குப் போன் போட்டார்.

"இன்னிக்கு ஸ்க்ரூ டிரைவர்லாம் சாமி முன்னாடி கீது அண்ணாத்தே. நாளைக்கு எடுத்துகினு வா. அதுவரிக்கும் எதையும் நோண்டாத."

நோண்டாமல் இருந்திருக்கலாம். ஆனால் நாளைக்குக் கோமளாவிடம் என்ன சொல்வது? சாப்பிட்டு முடித்ததும் அவளே ஒரு டிசைனைப் பார்க்க வந்து நின்றாள்.

"இன்னைக்குத் தொழில் சாமானைத் தொடலாமா கோமளா?"

"அட, ஆமாங்க. மறந்தே போயிட்டேன்." நாக்கைக் கடித்துக்கொண்டு போய்விட்டாள்.

அவர் கதவைச் சாத்திக்கொண்டு மத்தியானம் முழுக்க அதையே தொட்டார். பக்கத்து பிளாக் ஜேம்ஸ் விண்டோஸ் ஏற்றிக் கொடுத்த பென்டிரைவைச் செருகினார். எல்லாவற்றையும் அழித்துப் புதிதாகப் போடவா என்று கேட்டது. புதிது என்றால் நல்லதுதானே என்று நினைத்தார். சாயங்காலம் கம்ப்யூட்டர் எழுந்துகொண்டது. அப்பாடா என்றிருந்தது. பிறகுதான் கோமளாவின் ஃபோல்டரைத் தேடினார்.

மறுநாள் கிருபாகரன் ஏதேதோ போட்டுப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினான்.

"படம் காட்ற எடம்தான் கெட்டுச்சு. அவங்க வேலைலாம் உள்ள பத்திரமா இருந்திச்சி. அப்டியே கொண்டாந்திருந்தா டிஸ்கைக் கழட்டி எடுத்துக் குட்த்திருப்பேன். இப்ப அழிச்சி மேலயே எழுதிட்ட. இனி ஒண்ணியும் வராது."

பூபாலன் கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார். வீட்டுக்கு வந்து ஒன்றையும் மறைக்காமல் சொன்னார். கோமளா திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவருக்கு.

"மறுபடி வரைஞ்சுக்கலாம் கோமளா."

அவள் அதைக் காதில் வாங்கவே இல்லை.

"நேத்து மத்தியானம் நான் பாக்க வந்தேனே, அப்போ இருந்துச்சாங்க?"

பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் தோன்றியது.

"இருந்துச்சு," என்றார்.

கோமளா எழுந்து வாசலுக்குப் போனாள். ரவிக்கைத் துணியோடு காத்திருந்த கல்யாணப் பெண்ணிடம், வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு வந்து, சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.